சொட்டுக் குழாயை நம்பாதவள்

அவளுக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. அவர் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். கடையில் எண்ணெய் வாங்கினால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். பால் பாக்கெட்டைக் காதோரம் வைத்துக் குலுக்குவாள். அதில் என்னதான் கேட்குமோ, கடவுளுக்கே வெளிச்சம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், “உங்க வீட்டுல யாருக்காவது இதைக் குடுத்திருக்கீங்களா?” என்று அவரையே திருப்பிக் கேட்பாள். காவலாளி வேலை பார்க்கும் அவள் கணவர் டீ குடித்துவிட்டு வந்தால் அவர் வாயருகே இவள் மூக்கு போகும். பாவம் மனுஷன், டீயைத் தவிர வேறெதுவும் குடித்தறியாதவர்.

ஆனால் வேலையில் அவளை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருந்த புல்தரையை வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவதுதான் அவள் வேலை. கல்யாணமான புதிதில், “இவளுக்கு ஒரு வேலையும் உருப்படியா வராது” என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்த மாமியாரையே ஒருநாள் கூட்டிவந்து புல்தரை ஓரமாக நிற்க வைத்தாள். பச்சைப் பசேலென்று கிடந்ததைப் பார்த்துக் கிழவி வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் புல் அவளுக்குப் புல் இல்லை, மானம்.

கோடை வந்தால் அந்த மானத்துக்காகவே லாரி லாரியாகத் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. குடியிருப்பின் செயலாளர் இரண்டு வருஷம் பொறுத்தார். மூன்றாம் வருஷம் புல்லை எடுத்துவிடுவது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. தோட்டம் அமைக்க ஒரு பெண் வந்தாள். தொப்பியும் முட்டிவரை மண்ணுமாக நின்ற அவள், தண்ணீர் அதிகம் கேட்காத சாம்பல் இலைப் புதர்களை நட்டாள். வேர் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக நீர் விடும் மெல்லிய கறுப்புக் குழாய்களை ஓடவிட்டாள். ஈரம் ஆவியாகாமல் இருக்க மேலே மரச்சீவலைப் பரப்பினாள். குழாயைத் திறந்து மூட ஒரு டைமர்.

“வெட்டுற வேலை இல்ல, பாய்ச்சுற வேலை இல்ல. அப்போ எனக்கு என்ன வேலை?” என்று கணவரிடம் கேட்டாள்.

“செடியைப் பாத்துக்கோன்னுதானே சொல்லியிருக்காங்க.”

“அது வாய் வார்த்தைங்க. நாலு மாசம் விட்டு, போயிட்டு வாம்பாங்க. அந்தப் பொண்ணு சிரிக்கிற சிரிப்பே சரியில்ல.”

“சிரிச்சாலும் குத்தமா? நீ சாமியே வந்தாலும் அடையாள அட்டை கேக்குற ஆளு.”

அவள் காதில் எங்கே விழுந்தது? தினமும் டைமர் ஓடும் நேரத்தில் போய் நின்றாள். சத்தமும் இல்லை, தண்ணீரும் கண்ணில் படவில்லை. மரச்சீவல் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ந்து கிடந்தது. அவளுக்குத் தெரிந்த தண்ணீர் பளபளவென்று ஓடும், காலை நனைக்கும், மண்வாசனை கிளப்பும். இந்தக் குழாய் எல்லாரையும் ஏமாற்றுகிறது, செடி செத்ததும் பழி நம் தலையில்தான் விழும் என்று கணக்குப் போட்டாள். மறுநாளிலிருந்து விடியும்போதே வாளியும் கையுமாகக் கிளம்பினாள். ஒரு செடி பாக்கியில்லாமல் ஊற்றிவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். வாளி எதற்கு என்று கேட்ட கணவரிடம் படிக்கட்டு கழுவ என்றாள். அவர் நம்பினார். வீட்டில் ஒருவராவது நம்ப வேண்டாமா!

கொஞ்ச நாளில் இலைகள் மஞ்சளாயின, பிறகு தொங்கின. அவளுக்கு வருத்தம்தான், ஆனால் உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது. நேரே செயலாளரிடம் போனாள்.

“நான் அப்பவே நினைச்சேன் சார். செத்த செடியைக் கொண்டுவந்து நட்டுட்டுப் போயிருக்கு அந்தப் பொண்ணு.”

செயலாளர் அந்தப் பெண்ணை வரவழைத்தார். அவள் வாடிய புதர் ஒன்றை வேரோடு எடுத்தாள். வேர் கறுத்து, அழுகல் நாற்றம் குப்பென்று அடித்தது.

“தண்ணி பத்தாம இல்ல சார், கூடிப்போய் அழுகியிருக்கு. குழாய்ல எங்கயோ கசிவு இருக்கணும்.”

“உங்க குழாய், உங்க கசிவு. உங்க செலவுல முழுக்கத் தோண்டிப் பாருங்க. இல்லன்னா வேற ஆளை வச்சுக்கறோம்” என்றார் செயலாளர்.

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. சற்று யோசித்துவிட்டு மோப்பத்தின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, தினமும் இங்கயே இருக்கீங்க. எங்கயாவது ஈரம் ஊறி நிக்கிறதைப் பாத்தீங்களா? நீங்க சொல்ற இடத்துலேருந்து தோண்டுறேன்.”

மோப்பத்துக்குப் பகீரென்றது. இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறாள்? எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள். வாயைப் பிடுங்குகிறாள். இல்லையென்று சொன்னதும் வாளியைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள். பொய்க்காரி என்று பேர் வாங்குவதைவிட நாமே முந்திக்கொள்வது மேல்.

“ஆமாம்மா, நான்தான் தினமும் ஊத்தினேன். அதுக்கு எதுக்கு இப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்குற?”

அந்தப் பெண் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள்.

“நீங்களா அக்கா?” என்றாள். அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “இப்போ நீங்களே சொல்லுங்க, இவங்களை வச்சுக்கவா வேண்டாமா? போன தடவையும் உங்க பேச்சைக் கேட்டுத்தானே வச்சேன்.”

“போன தடவையா? எப்போ சார்?” என்று கேட்டாள் மோப்பம்.

“புல்லை எடுக்கும்போதே உங்களை அனுப்பிடலாம்னுதான் கூட்டத்துல பேசினோம். இந்தப் பொண்ணுதான், அந்த அக்கா இல்லன்னா நான் செடியே வைக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு.”

ஆக, வேலைக்கு உலை வைக்கிறார்கள் என்று அவள் மோப்பம் பிடித்தது சரிதான். ஆள்தான் தப்பு.

அந்தப் பெண் அழுகிய வேரையே பார்த்தாள். கோபமாகக்கூடத் தெரியவில்லை. “அப்போ தைரியமாச் சொன்னேன் சார்” என்றாள். “இப்போ சொல்ல முடியல.”

மோப்பம் பழக்கதோஷத்தில் அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள், எங்காவது ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. எங்கும் இல்லை. அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவள் அப்படியே நம்பினாள்.