காசு சீட்டில கிடக்கு

போன திங்கள் காலை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் போனேன். மடியில் ஒரு பை. பைக்குள் பதினாலு பிளவுஸ். ஒன்றாவது என்னுடையதா? இல்லை. எல்லாம் என் புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்த தண்டனை!

கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா பிளவுஸ் தைக்கிறவ. ஓவர்லொக் மெஷின் இல்லை. துணி ஓரம் அடிக்க வெள்ளவத்தைக் கடைக்குக் கொடுத்தே கூலி கரைகிறது. இந்தமுறை மெஷின் வாங்கத்தான் மாதச் சீட்டு. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மாதம், மாதம் ஒருத்திக்கு மொத்தக் காசு. அக்கா கேட்டு வாங்குவது எப்பவும் — கடைசி நம்பர்.

ஃபினான்ஸ் டிப்ளோமா முடித்த எனக்குப் பொறுக்குமா? எக்செல் போட்டுக் காட்டினேன்.

"விலை ஏறிக்கொண்டே போகுது. முதல் நம்பரை எடுத்து உடனே மெஷினை வாங்குங்கோ அக்கா!"

கணக்கு சரி. கணக்கு எப்பவும் சரிதான்...

அக்கா முதல் சீட்டை எடுத்தா. ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மெஷின் கடையிலோ ஸ்டொக் இல்லை, வர இரண்டு கிழமையாம். அதுவரை பாங்கில் போடச் சொன்னதும் நான்தான். மூன்றாம் நாள் மருதானையிலிருந்து மச்சாள் வந்து நின்றா. மகன் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டவேணுமாம்.

"காசு பாங்கில கிடக்கு மச்சாள்..."

"அதுக்கென்னடி, ஏ.டி.எம். சந்தியிலதானே!"

காசு போனது. முழுசாக.

"முந்தியெல்லாம் என்ன சொல்லிச் சமாளிப்பீங்கள்?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"சீட்டில கிடக்கு எண்டுவன். அதுக்குமேல ஆர் வாய் திறக்கிறது? எனக்கு இல்லை எண்டு சொல்ல வராது, மிஸ். சீட்டு சொல்லும்."

நேற்றுவரை 'தங்கச்சி'. இப்போது 'மிஸ்'!

வட்டியே தராத சீட்டில் ஏன் கடைசி நம்பர்? அந்த 'இல்லை'க்காகத்தான். என் எக்செலில் அதற்கு ஒரு கட்டம் இருந்ததா?

"இன்னும் பதினொரு மாசம் கட்டவேணும், மெஷினும் இல்லை." சிரித்துக்கொண்டேதான் சொன்னா. அதுதான் சுட்டது. பிறகு பையை நீட்டினா. "வேலை வெள்ளவத்தையிலதானே? போற வழியில கடையில குடுத்திடுங்கோ."

பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. இறங்கியதும் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். அடுத்த மாதம் தொடங்கும் சீட்டில் ஒரு நம்பர். பாதி அக்கா கட்டுவா, பாதி நான். எடுத்ததும் முதலில் மெஷின். என் பாதிக் காசை அக்கா பிறகு தைத்துத் தைத்துத் திருப்பித் தரட்டும்.

"எத்தினையாம் நம்பர், மிஸ்?"

"கடைசி, அக்கா."

ஆகவே நண்பர்களே, கைமாற்றுக் கேட்டு மெசேஜ் போடாதீர்கள். காசு சீட்டில கிடக்கு!