தரை காயும் வரை

மூன்று வயது மகளுக்கு வீஸிங் வந்து நான்காவது முறையாகத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, குழந்தை மருத்துவர் சீட்டு எழுதிக்கொண்டே, "வீட்ல கார்பெட் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சொல்லும்போதே முகம் சுட்டது. அவள் தவழ்ந்தது, உட்கார்ந்தது, விளையாடியது எல்லாம் அதன் மேல்தான். சிமெண்ட் தரை குளிரும், முட்டி தேயும் என்று பயந்து அவளை அதில் இறக்கிவிட்டதும் நான்தான்.

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் கார்பெட் ஒட்டிய வீடு எங்களுடையது ஒன்றுதான். என் மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏதோ ஒரு கப்பலில் அறைகளைப் புதுப்பித்தபோது கழித்துப் போட்ட மெரூன் கார்பெட்டை ராயபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கிவந்து, ஹாலில் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார். நான் கல்யாணமாகி வந்தபோதே வாசலிலிருந்து சமையலறை வரை ஒரு தடம் தேய்ந்து அடிநூல் தெரிந்தது. துறைமுகப் பக்கமிருந்து பறந்து வந்து ஜன்னல் விளிம்பில் படியும் கரித்தூளை நான் தினம் இரண்டு முறை துடைப்பேன். கார்பெட்டில் படிந்தது எங்கே போயிற்று என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். சொன்னதும், "கொழந்த பெர்சா, கார்பெட்டு பெர்சா? பிச்சி கடாசு மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வெள்ளக்காரன் நடந்த கார்பெட்டு அது" என்று ஒரே ஒரு முறை சொல்லிக்கொண்டார்.

கார்பெட்டை எடுத்தால் அடியில் உதிரும் பழைய சிமெண்ட் தரை. டைல்ஸ் போடலாமென்றால் உடைக்க வேண்டும், வீடு முழுக்கப் புழுதி. அதனால் மரம் மாதிரி இருக்கும் வினைல் பட்டைகள் போடலாம் என்று முடிவானது. என் கணவர் விசாரித்து ஒருவரை அழைத்துவந்தார். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். மாமா முதல் நிமிடத்திலேயே "வா பாய்" என்று கூப்பிட, எங்களுக்கும் அவர் பாய் ஆகிவிட்டார். கோந்து தடவி ஒட்டுவதுதான் முதலில் பேச்சாக இருந்தது. குழந்தைக்கு வீஸிங் என்று கேட்டதும், "அப்போ கோந்தே வேணாம் க்கா, அந்த வாசன ஆவாது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கிற பட்ட கீது, அத்தப் போட்டுக்கலாம்" என்று அவரே மாற்றினார். வீஸிங் பற்றி நெட்டில் இத்தனை தேடிப் படித்த எனக்குக் கோந்தின் வாசனை தோன்றவில்லையே என்று அன்றைக்கு முழுக்க என்னை நானே நொந்துகொண்டேன்.

மகளைப் பெரம்பூரில் என் அக்கா வீட்டில் விட்டோம். "ரெண்டே நாள்" என்று அவளிடம் விரலைக் காட்டிவிட்டு வந்தேன். அவள் என்னைப் பிரிந்து இருந்தது அதுவே முதல் தடவை.

வியாழக்கிழமை பாய் கார்பெட்டை எடுத்தார். இழுத்துக் கிழிப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் ஒரு ஸ்பிரே பாட்டிலால் மேலே தண்ணீரைப் பனிபோலத் தெளித்தார், தூசி எழும்பாமலிருக்க. பிறகு கத்தியால் முழ அகலத்துக்கு நாடா நாடாவாகக் கீறி, ஒவ்வொன்றையும் கோரைப்பாய் சுருட்டுவது போல உள்பக்கமாகச் சுருட்டிக் கட்டினார். அடியிலிருந்த ரப்பர் கடலை மாவாக உதிர்ந்து கிடந்தது. அதன் மேல் கறுப்பாக ஒரு படலம். அதன் மேல்தான் என் பெண் மூன்று வருடம் படுத்துப் புரண்டிருக்கிறாள். மாலை அத்தனையையும் சுரண்டி எடுத்து மூட்டை கட்டிவிட்டு, "பெருக்கி வெச்சீங்கன்னா போதும் க்கா, காலைல வந்துர்றேன்" என்று போனார்.

பெருக்கினேன். மனசு ஒப்பவில்லை. அந்தக் கறுப்பை அப்படியே விட்டு அதன் மேல் புதுத் தரையா? அதுவும் விடிந்தால் வெள்ளிக்கிழமை. கழுவாத தரையில் நல்ல காரியம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, பினாயில் விட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவித் தள்ளினேன். இரவு முழுக்க ஃபேன் ஓடியது. காலையில் தரை பளிச்சென்று காய்ந்திருந்தது. நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பாய் வந்தார். பட்டையை எடுக்கவில்லை. துணிக்கடைப் பாலித்தீன் கவரை இரண்டு சதுரமாக வெட்டி, தரையில் இரண்டு இடத்தில் வைத்து, நாலு பக்கமும் பிரவுன் டேப் ஒட்டினார். "உள்ள ஈரம் இருந்தா இதுல தெரியும். நாளைக்குப் பாக்கலாம் க்கா." இன்னும் ஒரு நாளா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை காலை அந்தப் பாலித்தீனுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. பாய் அதைப் பார்த்தபடி குந்தியிருந்தார்.

"தரைல தண்ணி ஏதாச்சும் வுட்டீங்களா க்கா?"

"இல்லையே. துடைச்சேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றிய அடுத்த நொடி வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தொடச்சா இவ்ளோ வராது. அப்போ இது மண்ணுலேர்ந்து ஏறுற ஈரம். கடலு பக்கம்ல. இந்த வூட்டுக்கு வினைலு வேணாம் க்கா. தரைய ஒடச்சு, அடில ஷீட்டு வுட்டு, திரும்பக் காங்கிரீட்டு போடணும். அது என் வேல இல்ல. வேற ஆளப் பாருங்க." கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

உடைத்துப் போடுவதென்றால் ஒரு மாதம். ஒரு மாதம் என் பெண் பெரம்பூரில். முந்தைய நாள் போனில் அவள், "ரெண்டு நாள் ஆயிடுச்சு மா" என்று அழாமல் சொன்னது காதில் கேட்டது.

"நாலு பக்கெட் ஊத்திக் கழுவினேன்" என்றேன். "வியாழக்கிழமை ராத்திரி. அழுக்கா இருந்துதேன்னு..."

உள்ளே கட்டிலில் இருந்து மாமாவின் குரல் வந்தது. "நாலு இல்ல பாய், ஆறு. நான் எண்ணிக்கினுதான் இருந்தேன்."

"பாத்துக்கினு சும்மாவா இருந்த நைனா?" என்றார் பாய்.

"மருமவ வூடு கயுவச் சொல்லோ நான் இன்னா பண்ண முடியும்? கால மேல தூக்கிக்கினேன்."

பாய் சிரித்துவிட்டார். நான் எதிர்பார்த்தது கோபத்தை. "எங்க வூட்லயும் இதே கததான் க்கா. பெருநாளுக்கு மொத நாளு எங்கம்மா வூட்டயே மெதக்க வுட்டுரும்" என்றபடி பையைத் திரும்பக் கீழே வைத்தார். ஊற்றிய தண்ணீர்தான் என்றால் காய்ந்துவிடும் என்றார். பொய் சொன்ன கூச்சத்தைவிட அந்த நிம்மதிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆனால் அன்றைக்கே போட அவர் சம்மதிக்கவில்லை. மேலே காய்ந்துதானே இருக்கிறது, குழந்தை அங்கே தவிக்கிறாள் என்று கெஞ்சினேன்.

"இப்பவே போட்டுட்டுக் காசு வாங்கிக்கினு நான் போயிக்கினே இருக்கலாம் க்கா. சும்மா ஜம்முனுதான் இருக்கும். அடில ஈரத்துல பூஞ்ச புடிச்சுக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாப்பா அது மேலதான படுக்கும்? எதுக்காகப் போடுறோம்?"

மகளை எண்ணியே எல்லாம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவளை ஒரு முறைகூடச் சரியாகப் பார்த்திராத ஒருவர் எனக்கு முன்னால் அவளை எண்ணியிருந்தார்.

அதன் பிறகு தினமும் காலையில், எம்.கே.பி. நகரில் வேறொரு வேலைக்குப் போவதற்கு முன், வேறு திசையிலிருந்த எங்கள் வீட்டுக்கு வண்டியைத் திருப்பி வந்தார். டேப்பைப் பிரிப்பார், புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பார், புதிதாக ஒட்டிவிட்டுப் போவார். டீகூடக் குடிக்க நிற்கமாட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். செவ்வாயன்று ஒரு பாலித்தீன் காய்ந்திருந்தது, மற்றதில் ஓரத்தில் லேசான மூட்டம். "இதுவும் ஆவட்டும்" என்றார். என் கணவர், "போதும்பா, போட்றலாமே" என்று இழுத்தார். இந்த முறை நான்தான், "ஆகட்டுங்க" என்றேன். அன்று மாலை போனில் மகள் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த "ஆகட்டுங்க" சரிதானா என்று சமையலறையில் நின்றுகொண்டு நூறு முறை கேட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை இரண்டு சதுரங்களும் சுத்தமாகக் காய்ந்திருந்தன. பாய் அன்றைய எம்.கே.பி. நகர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தேக்கு நிறப் பட்டைகளை முதலில் தரையில் கலைத்துப் பரப்பி, ஒரே மாதிரி மரக்கணு விழுந்த இரண்டு அருகருகே வராமல் பிரித்துவைத்தார். "அச்சடிச்சது க்கா எல்லாம். பக்கத்துல பக்கத்துல வந்தா மரம் இல்லன்னு மாட்டிக்கும்." சுவர் ஓரத்தில் விரல் அகலத்துக்கும் குறைவாக ஓர் இடைவெளி, வெயிலில் பட்டை விரிவதற்கு. ஒரு பட்டையின் விளிம்பைச் சாய்த்து மற்றதன் விளிம்பில் செருகி, உள்ளங்கையால் அழுத்தி, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. கதவு நிலையின் வளைவுக்கு நாளிதழை மடித்து அளவு எடுத்தார். அவர் கீறி உடைத்த பட்டை அந்த வளைவில் போய் உட்கார்ந்தபோது ஒரு மயிர்க்கோடு இடைவெளி இல்லை. கட்டிலைவிட்டு எழுந்துவந்த மாமா வெறுங்காலால் மெல்ல நடந்து பார்த்தார். "கப்பலு டெக்கு கணக்கா கீது பாய்" என்றார். அவரிடம் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

வியாழக்கிழமை நண்பகலில் மகள் வந்தாள். என் மேல் கோபம் இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் புதுத் தரையில் கால் பட்டதும் மறந்துவிட்டது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் கோடு மிதிக்காமல் தாண்டினாள். கப்பல் என்று தாத்தா சொல்ல, கப்பலாயிற்று. சாப்பிட்டுவிட்டு, நான் கோரைப்பாயை விரிப்பதற்குள் வெறும் தரையிலேயே குப்புறப் படுத்துத் தூங்கிப்போனாள்.

எழுப்பிப் பாயில் போடலாமா, புதுப் பட்டையில் ஏதாவது நெடி இருக்குமோ என்று முகத்தைத் தரையோடு வைத்து முகர்ந்து பார்த்தேன். பிறகு அவள் முதுகில் காதை வைத்தேன். இந்த வருடம் முழுக்க எனக்கு அது பழகிவிட்டது, அந்த மெல்லிய விசிலைத் தேடுவது. மூச்சு போனது, வந்தது. வேறு சத்தம் இல்லை. நம்பாமல் இன்னொரு பக்கமும் வைத்துக் கேட்டேன்.

மாமா வாசற்படியில் நின்று குரலைத் தாழ்த்தி, "இன்னா மா, கேக்குதா?" என்றார்.

"இல்ல மாமா."

"அப்போ அந்த ஃபேனக் கொஞ்சம் கொறச்சு வையி. கொழந்திக்கு வெறும் தரைல குளுரப் போவுது."