அப்பாவைத் தேற வைத்தேன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யாராவது காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் இன்றைக்கும் அது பரீட்சை என்றே எனக்குப் படும்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் அப்பா, சாரல் நேரத்தில் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தென்காசி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் சொன்னாள்: "நாளைக்கு பிசியோ வந்து பாப்பாங்க. அத வச்சுத்தான் அடுத்து என்னன்னு முடிவு பண்ணுவாங்க." தேறாவிட்டால் இனி நடக்கமாட்டார் என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள் என்றே நினைத்தேன். விடிந்ததும் அப்பாவை நிற்கவைத்துப் பழக்கினேன்.

"வலிக்கி, விடுட்டி."

"வலிக்கத்தான் செய்யும். பிசியோ முன்னால மூச்சு காட்டப்பிடாது."

பிசியோ சின்னப் பெண். "வீட்ல கக்கூஸ் எங்க இருக்கு ஐயா?"

"ரூமுக்குள்ளயே இருக்கு" என்று நான் முந்திக்கொண்டேன். அது கொல்லையில், நாலு படி இறங்கிப் போகவேண்டும். சொல்ல வெட்கம்.

"தனியா எந்திப்பியளா?"

"முடிய..." என்று இழுத்தார். போர்வைக்குள் கைவிட்டு அவர் கையைக் கிள்ளினேன். "எந்திப்பேம்மா."

அவள் எழுதக் குனிந்த நேரத்தில் அப்பா முதுகில் கைகொடுத்துத் தூக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"நல்லா நிக்கியளே ஐயா!"

அடுத்த கட்டிலில் சுரண்டைக்காரர். அவருக்கும் இடுப்புதான். "ஒண்ணுக்குப் போவக்கூட நான்தான் தூக்குதேன்" என்று பிசியோவிடம் சொன்னான் அவர் மகன். கிழவர் பெயில் என்று மனசுக்குள் சிரித்தேன்.

மறுநாள் சுரண்டைக்காரரைச் சக்கர நாற்காலியில் பயிற்சி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே தினமும் நடக்கப் பழக்குவார்களாம்.

"எங்கப்பாவுக்கு?" என்று பிசியோவிடம் கேட்டேன்.

"பெட் கொஞ்சம்தான்க்கா. முடியாதவங்களுக்குத்தான். ஒங்கப்பாதான் நல்லா இருக்காவளே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னதற்கு எல்லார் முன்னாலும் வைவாளோ என்று பயம். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணிகளைப் பையில் திணித்தேன்.

வீட்டுக்கு வந்தபின் அவர் எழவில்லை. ஒருநாள் மூன்றாவது தடவையாகப் படுக்கை நனைந்தபோது கத்திவிட்டேன். "அங்கன நிக்கத் தெரிஞ்சுதுல்லா? இங்கன என்ன கேடு?"

அவரைப் புரட்டி விரிப்பை உருவினேன். அப்பா சுவரைப் பார்த்தபடி, "அந்தப் புள்ளட்ட போயி நடந்ததச் சொல்லேன்ட்டி" என்றார்.

"சொல்லுதேன்ப்பா" என்றேன்.

இன்னும் போகவில்லை.