குளத்தை மறித்த எருமை

மலாய் நாட்டில், ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை பிள்ளைகளைக் கழுவுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் ஆயாக் கொட்டகையில் ரஞ்சிதத்தின் வேலை. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால், பள்ளி விட்டதும் பெரிய பிள்ளைகளும் அங்கேதான் வந்து விழுவார்கள். ரஞ்சிதத்துக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. சொந்தப் பிள்ளை இல்லை. அதற்காக யாராவது உச்சுக் கொட்டினால், "இருக்கிற கூட்டம் பத்தலையா? வேணும்னா ரெண்டு நாளைக்கு நீ வந்து பாத்துக்க" என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

கொட்டகைக்கு வருகிற பிள்ளைகளில் தேன்மொழிக்கு ஒரு கண் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அவளுக்கு ஏழு வயது. கொழுந்து எடுக்கும் காளியம்மாவின் ஒரே மகள். பிள்ளைகள் அவளை "ஒன்றரை" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவன் ராஜு, தோட்டத்தின் கணக்கும் ஆள் கணக்கும் பார்க்கும் கிராணி நாகரத்தினத்தின் மகன். மேட்டில் இருந்த கிராணி வீட்டில் விளையாட ஆள் இல்லாமல் தினமும் கொட்டகைக்கு இறங்கி வருவான். தன்னைச் 'சின்னக் கிராணி' என்று கூப்பிடச் சொல்லுவான். தன் புத்தகப் பையைத் தேன்மொழி தலையில் ஏற்றி, மேடுவரை தூக்கி வரச் சொல்லுவான். நடுவில் அவள் நின்றால் தேயிலைப் பழுப்பை அள்ளி அவள் சட்டைக்குள் போடுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ரஞ்சிதம் ஒருமுறை ராஜுவின் காதைத் திருகினாள். பலன் என்னவென்றால், அவர்கள் அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேன்மொழி தலை முழுக்கச் சேறோடு உட்கார்ந்திருந்தாள். "யாரு செஞ்சா?" என்று எத்தனை தடவை கேட்டும் பதில் இல்லை. சுற்றி நின்ற பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊரான தானா ராத்தா பஸ் நிலையத்தில் ரஞ்சிதம் பவுலினைப் பார்த்தாள். இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். பவுலின் இப்போது தேவாலயத்தை ஒட்டிய பாலர் பள்ளியில் ஆசிரியை. ரஞ்சிதம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று தன் பள்ளிக்கு அழைத்துப் போய் ஒரு கட்டுப் படப் புத்தகங்களைக் கொடுத்தாள். அட்டை கிழிந்து, ஓரம் சுருண்ட மலாய்ப் புத்தகங்கள்.

"எனக்கு மலாய் எழுத்துக்கூட்டிப் படிக்கவே பொழுது விடிஞ்சிரும் பவுலின்."

"படிக்கவே வேணாம்க்கா. எழுத்து மேல கைய வச்சு மறைச்சிருங்க. படத்தக் காட்டிக் கேளுங்க. யாரு என்ன பண்றாங்க, யாரு சும்மா நிக்கிறாங்கன்னு. பதில் அவங்க சொல்லட்டும். நீங்க சொல்லிறாதீங்க. வாய அடக்கிறதுதான் கஷ்டம்லா."

"என் வாயப் பத்தித் தெரிஞ்சும் சொல்றியே!" என்று ரஞ்சிதம் சிரித்துவிட்டாள்.

அவள் எடுத்த முதல் புத்தகத்தில் ஒரு பெரிய எருமை குளத்தை மறித்துக்கொண்டு நின்றது. ஒரு வாத்துக்குஞ்சு தண்ணீர் குடிக்க வந்து, முட்டு வாங்கி, புல்லில் கவிழ்ந்து கிடந்தது. பின்னால் ஓர் ஆமை, ஒரு குரங்கு, இரண்டு ஆடுகள். மழை கொட்டிய ஒரு மத்தியானம், பெரிய பிள்ளைகளைச் சாக்கு விரித்து உட்கார வைத்து, புத்தகத்தை முழங்காலில் நிறுத்தினாள்.

"வாத்து ஏன் கீழ கிடக்கு?"

"எருமை முட்டிருச்சு!"

"ஏன் முட்டுச்சு? தண்ணி பத்தாதா?"

"தண்ணி நிறைய இருக்கு ஆயா. சும்மாவே முட்டுது."

"இந்த ஆமை என்ன பண்ணுது?"

ஒரு சிறுமி சொன்னாள்: "பாத்துக்கிட்டு நிக்குது. பயம். பேசுனா அதையும் முட்டும்."

"குரங்கு?"

"சிரிக்குது" என்றான் ஒருவன். சொன்னவன் தலை குனிந்துகொண்டான்.

யாரும் பெயர் சொல்லவில்லை. அதற்குள் ராஜு குதித்து எழுந்தான். "அது நான் இல்ல! எருமை நான் இல்ல!"

ரஞ்சிதத்துக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "நீன்னு யாருடா சொன்னா? உக்காரு. எருமைக்கு என்ன வேணும்னு நீ சொல்லு." அவன் உட்காரவில்லை. மழையிலேயே வீட்டுக்கு ஓடினான். ஆனால் அன்று மாலை தேன்மொழி யாருடைய பையையும் தூக்கவில்லை. ராஜு விட்டுப்போன பையை ஒருவன் நீட்டியபோது "எனக்கு முடியாது" என்று அவள் சொன்னதையும், அவளோடு இரண்டு பிள்ளைகள் கூட நின்றதையும் ரஞ்சிதம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மறுநாள் காலை கிராணி நாகரத்தினம் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"என் மகன எருமைன்னு சொல்லிக் குடுக்கிறியா?"

"நான் யாரையும் சொல்லலைங்கய்யா. தம்பியேதான் எந்திரிச்சு நான் இல்லன்னு சொன்னுச்சு."

"பிள்ளைக்குப் பீ கழுவுற வேலை உனக்கு. பாடம் நடத்துறது இல்ல. புத்தகத்தக் குடு."

"அது என்னோடது இல்ல. பவுலின் டீச்சரோடது. திருப்பிக் குடுக்கணும்."

அவர் கட்டோடு பிடுங்கிக்கொண்டு போனார். அன்றைக்கே ஆள் மாற்றம் வந்தது. கொட்டகைக்கு வேறு ஒருத்தி, ரஞ்சிதத்துக்குக் கூடை. வீட்டில் புருஷன் ராமையா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் தேயிலை ஆலையில் வேலை செய்தான்.

"நமக்கு ஏன் ரஞ்சிதம் இந்த வம்பு? ஒரு வார்த்தை, தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லிட்டு வந்திரு."

"தெரிஞ்சுதான் செஞ்சேன். அப்புறம் எப்படித் தெரியாமன்னு சொல்றது?"

பழக்கமில்லாத கைக்குக் கொழுந்து எடுப்பது வதையாக இருந்தது. விரல் வெடித்தது, பனியில் முட்டி பிடித்துக்கொண்டது. ஆனாலும் கஞ்சி குடிக்கிற நேரத்தில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, "அந்த எருமைக் கதைய சொல்லுடி" என்றார்கள். புத்தகம் இல்லை. அவள் வாயாலேயே படம் போட்டாள். எருமை நடந்து வந்து நிற்கிற விதத்தை நடித்துக் காட்டும்போது அவளுடைய நடை அச்சு அசலாகக் கிராணியின் நடையாக இருந்தது. காளியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இது நடந்து சில வாரம் கழித்து ஒரு விடிகாலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாரும் பனிக்குள் நின்றார்கள். கிராணி பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். காளியம்மாவின் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "எங்க அந்த ஒன்றரையோட ஆத்தா?" என்றார்.

ஆண்கள் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ரஞ்சிதம் ஒரு கணம் தானும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அதை உணர்ந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

"அவளுக்குப் பேரு இருக்குங்கய்யா" என்றாள் சத்தமாக.

"என்ன?"

"காளியம்மா. அதுதான் பேரு. அதச் சொல்லிக் கூப்பிடுங்க."

"உன் வேலையப் பாரு. இல்லாட்டி அதுவும் இருக்காது."

ரஞ்சிதம் கூடையைக் கழற்றித் தரையில் வைத்தாள். திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். "என்னடி, எல்லாரும் ஆமை மாதிரி நிக்கிறீங்க?"

முதலில் வடிவம்மாள் கூடையை இறக்கினாள். லயத்திலேயே வயது மூத்தவள், யாரிடமும் அதிகம் பேசாதவள். அப்புறம் ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி. கூடைகள் தரையில் விழும் சத்தம் வரிசையின் கடைசிவரை போனது. கிராணி கத்தினார், வேலைச் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார், ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி மிரட்டினார். மிரட்டும்போது எல்லாப் பெயரும் அவருக்குச் சரியாக ஞாபகம் இருந்தது. பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

வெயில் ஏறியும் மலையில் ஆள் இல்லாததைப் பார்த்துத் தோட்ட நிர்வாகியான துரை ஜீப்பில் வந்தார். அவருக்குக் கொழுந்து முற்றிவிடும் என்ற கவலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, நம்ப முடியாதவர் போலக் கிராணியிடம், "நாமா சஜா? பெயர் மட்டும்தானா? சொல்லித் தொலையும்" என்றார்.

நாகரத்தினம் தொண்டையைச் செருமினார். "காளியம்மா."

"இருக்கேன் ஐயா" என்றாள் அவள். குரல் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் போகவில்லை. பெரட்டில் மரியாதை வந்தது, ஆனால் ரஞ்சிதத்துக்குக் கொட்டகை திரும்பக் கிடைக்கவில்லை. செங்குத்தான சரிவுகளாகப் பார்த்து அவளுக்குக் கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டால் மாற்றிவிடுவதாக ஆள் விட்டுச் சொன்னார் கிராணி. "எதுக்குன்னு சொல்லச் சொல்லுங்க, யோசிக்கிறேன்" என்று அனுப்பினாள். பவுலின் வேறு புத்தகங்கள் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குச் சொந்தம் இல்லையே. கோயில் பக்கத்துத் திடலில் பிள்ளைகள் கூடினார்கள். தேன்மொழி எப்போதும் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்களைப் பதில் சொல்லவே விடமாட்டாள். "மத்தவங்களையும் பேச விடுடி" என்று அவளைத்தான் அதட்ட வேண்டியிருந்தது. ராஜு ஒரு நாளும் வரவில்லை. கொஞ்ச நாளில் அவனை ஈப்போவில் தங்கிப் படிக்க அனுப்பிவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து, 1982-இல், நாகரத்தினம் வேறு தோட்டத்துக்குப் போனார். புதுக் கிராணி ரஞ்சிதத்தைக் கூப்பிட்டு, கொட்டகைக்கு வந்துவிடச் சொன்னார்.

"வரேன். ஆனா அன்னைக்கு என்னை ஏன் மாத்துனாங்கன்னு பெரட்டுல எல்லாருக்கும் சொல்லுங்க."

"அது பழைய கதைலா, அக்கா. இப்ப எதுக்கு?"

"பழசுதான். ஆனா அந்தக் கொட்டகைல நான் தப்பு செஞ்சேன்னு இன்னும் நாலு பேரு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

அவர் நல்ல மனுஷர். மறுநாள் காலை, காதைச் சொறிந்துகொண்டே, ரஞ்சிதம் மேல் எந்தத் தப்பும் இல்லாமல்தான் மாற்றினார்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகுதான் அவள் கூடையை ஒப்படைத்தாள்.

கொட்டகையில் முதல் நாள் கதையும் இல்லை, படமும் இல்லை. மூன்று கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒருத்தன் இன்னொருத்தன் காதைக் கடித்துவைத்திருந்தான். மாலைவரை துணி அலசிக்கொண்டிருந்தாள் ரஞ்சிதம், யார் கடித்தது என்று விசாரித்துக்கொண்டே.