நடுச்சுவர் உண்ணி

போன ஐப்பசி மழைக்குப் பிறகு என் ஆடுகளை உண்ணி பிடித்தது. காது மடலில், வாலடியில், மடியில், குளம்பு இடுக்கில், எங்கே மயிரை விலக்கினாலும் ஆமணக்கு முத்து மாதிரி ரத்தம் குடித்து உப்பிக் கிடந்தது. கையால் பிடுங்கிப் பிடுங்கி, கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போட்டேன். இன்றைக்கு எடுத்தால் நாளைக்கு அதே இடத்தில் இருக்கும். கார்த்திகை பிறப்பதற்குள் இரண்டு குட்டிகள் செத்துப்போயின. சினையாக இருந்த செவலை வெள்ளாடு நிற்க முடியாமல் தள்ளாடியது. அதன் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

நான் ஒண்டிக்கட்டை. அவர் தவறிப் பல வருஷம் ஆகிறது. இந்த ஆடுகள்தான் எனக்குச் சோறு. செவலையும் போய்விட்டால் பட்டியை மூடிவிட்டு யார் வீட்டில் போய் நிற்பது என்று அழுதேன்.

அதைவிடப் பெரிய நோய் ஒன்று எனக்குள் இருந்தது. பொறாமை. பக்கத்து வீட்டு மேரிமேல். அவள் என் கொழுந்தனாரின் மனைவி. அவள் பாடினால் சபையே திரும்பிப் பார்க்கும். அவள் அடை வைத்தால் பன்னிரண்டு முட்டையும் பொரிக்கும். திருப்பூரில் இருக்கும் மகன் வாராவாரம் வந்து போகிறான். என் மகள் வால்பாறை எஸ்டேட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்குத்தான் வருவாள். எங்கள் இரண்டு பட்டிக்கும் நடுவில் ஒரே மண்சுவர். அந்தப் பக்கம் அவள் ஆடு கத்தினால்கூட எனக்கு எரியும்.

புரட்டாசியில் மேரி சந்தையில் ஒரு கிடாய் வாங்கினாள். பத்துப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே போய் அதைவிடப் பெரிய கிடாயாக வாங்கினேன். எங்கள் பக்கத்தில் புதிதாக வாங்கிய ஆட்டை உடனே பட்டியில் விடமாட்டார்கள். எட்டு நாள் தனியாகக் கட்டிவைத்து, காதையும் வாலடியையும் பார்த்துத்தான் மற்ற ஆடுகளோடு சேர்ப்பார்கள். மேரி அப்படித்தான் வேல மரத்தடியில் கட்டினாள். "ஏம் மேரி, புது மாப்பிள்ளைக்குத் தனிக் கொட்டாயா?" என்று நான் கேலி பேசினேன். என் கிடாயையோ, சாயங்காலம் ஊர் ஆடெல்லாம் திரும்பும் நேரம் பார்த்து, எல்லார் கண்ணிலும் படும்படி நேராகப் பட்டிக்குள் ஓட்டினேன்.

என் குட்டிகள் செத்த அந்த வாரம் மேரி சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். சுற்றிலும் உண்ணி இருக்க, அவள் பட்டியை ஆண்டவர் காத்தாராம். எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, "ஏசப்பா, என்ற ஆட்டைக் காப்பாத்துங்க. இல்லாட்டி அவ ஆட்டுக்கும் குடுங்க" என்று கேட்டேன். இதை எழுத இப்போது கை கூசுகிறது. கேட்டதைச் சொல்லாமல் விட்டால் இது சாட்சி ஆகாது.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். புதிதாக ஆடு வாங்கினீர்களா என்றுதான் முதலில் கேட்டார். தலையை ஆட்டினேன். ஆட்டுக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது, உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் போய் முட்டையிடும் என்றார். நடுச்சுவர் ஒன்றுதான் என்றால் இரண்டு பட்டிக்கும் ஒரே நாளில் மருந்தடிக்க வேண்டும், பக்கத்துப் பட்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மேரியிடம் போவதா? அவளே என்னிடம் வரட்டும் என்று இரண்டு நாள் ஜெபம் பண்ணினேன். அவள் வரவில்லை. மூன்றாம் நாள் செவலை, வேலங்காயைக் கையில் வைத்து நீட்டியும் மோந்துகூடப் பார்க்கவில்லை. அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, என்ற வாயைத் தொறந்து விடுங்க" என்று மட்டும் கேட்டேன். எழுந்து நடந்தேன்.

மேரி அவள் பட்டியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஆட்டின் தலை. பக்கத்தில் கொட்டாங்குச்சி. அதற்குள் உண்ணி.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த மூச்சில் பயம் வந்தது. நான் கேட்டதல்லவா நடந்திருக்கிறது.

அவள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் கொட்டாங்குச்சியை மூடினாள். "அக்கா, சாட்சி சொல்லி ரெண்டு வாரந்தானுங்க ஆச்சு. சபையில சொல்லிப்போடாதீங்க."

என் வாய் திறந்தது. "என்ற கெடாயோட வந்தது அம்மணி. செவுரு ஏறி உன்ற பக்கம் வந்திருக்குது."

"தெரியுமுங்க. நீங்க ஓட்டிட்டு வந்த அன்னைக்கே அது காதுல பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லுல?"

"பெரிய கெடா வாங்கிட்டேன்னு இவளுக்கு வயித்தெரிச்சல்னு நெனைப்பீங்க." மடியிலிருந்த ஆட்டின் காதிலிருந்து ஒரு உண்ணியைப் பிடுங்கினாள். "வயித்தெரிச்சலும் இருந்துச்சுங்க."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆட்டின் இன்னொரு காதைப் பிடித்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சினை ஆட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று டாக்டரம்மா பிரித்துச் சொல்லி, மருந்தும் ஊசியும் கொடுத்தார். பட்டிக் குப்பையை வழித்து எரித்தோம். சுவரின் ஒவ்வொரு வெடிப்பிலும் மருந்தடித்தோம். அது காய்ந்த பிறகு மண் அப்பிப் பூசினோம், அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். டாக்டரம்மா சொன்ன நாளில் மறுபடியும் அடித்தோம். மார்கழிக் கடைசியில் செவலை இரண்டு குட்டி போட்டது. இரண்டும் தானாக எழுந்து நின்றன. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அதில் ஒன்றை மேரிக்குக் கொடுத்தேன். இப்போது அந்தக் குட்டிதான் கொழுகொழுவென்று இருக்கிறது. பார்த்தால் உள்ளே சுருக்கென்கிறது. முன்பென்றால் அதை மூடி வைத்திருப்பேன். இப்போது அவளிடமே போய்ச் சொல்லிவிடுகிறேன். அவள் சிரிப்பாள்.

எவ்வளவு ஜெபித்தும் பதில் இல்லை என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் நம் சபையில் இருப்பீர்கள். பேச மனம் வராத ஒருவர் உங்களுக்கும் இருந்தால், வாயைத் திறந்துவிடும்படி ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போங்கள். அவர் உங்களுக்கு முன்னால் அங்கே போயிருப்பார்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுதிவிட்டேன், ஆனால் எழுந்து நின்று படிக்க எனக்குத் தைரியம் இல்லை. மேரிதான் படிக்கிறேன் என்றாள். கேட்டுவிட்டு எல்லாரும் அவளிடம் போய் நன்றாக இருந்தது என்பீர்கள். குரல் அவளுடையதுதான். சாட்சி என்னுடையது.