பிரேக் அக்கா

எங்க லேப்ல அவங்களுக்குப் பேரு பிரேக் அக்கா. இருபத்திரண்டு வருஷமா மாட்டு ரத்தத்துலேருந்து வெள்ளணுக்களைப் பிரிக்கிறதுதான் வேலை. ரத்தம் சுத்துற மெஷின் பக்கம் யார் போனாலும், "பிரேக்கை எடுத்தியா?"ன்னு கத்துவாங்க. ஒருநாள் எரிச்சல்ல, "வீட்டுக்காரர்கிட்டயும் இதைத்தான் கேப்பீங்களா?"ன்னேன். "அந்த மனுஷனுக்கு பிரேக்கே கிடையாது"ன்னாங்க.

விஷயம் இதுதான். கனமான மருந்துத் தண்ணி மேல ரத்தத்தைச் சொட்டுச் சொட்டா வழியவிட்டுச் சுத்தினா, சிவப்பு அடியில போயிடும், நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளை வளையம் நிக்கும். நோயோட மல்லுக்கட்டுற அணுக்கள் அதுலதான் இருக்கு. மெஷின் தானா ஓஞ்சு நிக்கணும். பிரேக் பிடிச்சா எல்லாம் கலங்கிடும். பிரிச்ச அணுக்களைக் கழுவுறதுக்குச் சுத்தும்போது மட்டும் பிரேக் போட்டுக்கலாம்.

அன்னிக்கு வந்தது அக்காவோட தம்பி மாட்டு ரத்தம். குழாய்ல நம்பர் மட்டும்தான், ஆனா அக்காவுக்குத் தெரியும். பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு ரெண்டு பொண்ணுங்களை வச்சிருக்கிற மனுஷனுக்கு அந்த ஒரு கறவை மாடுதான் கதி. காசநோய் ஊசிப் பரிசோதனையில சந்தேகம். ரெண்டு நாள்ல ரத்தப் பரிசோதனை 'நோய் இல்லை'ன்னு சொல்லலைன்னா மாட்டைக் கொல்லணும்னு உத்தரவு. ரத்தமும் ஒரே தடவைதான் எடுப்பாங்க.

காலையில லீவு கேட்டு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, கடுகடுன்னு வந்து என் குழாய்ல இருந்த அணுக்களை மெஷின்ல சுத்திக் கழுவினேன். பிரேக்கைப் போட்டேன். எடுக்கலை. பாவி நான்.

அக்கா ரத்தத்தை மருந்துத் தண்ணி மேல வழியவிட்டு மெஷின்ல வச்சாங்க. தம்பி போன் மேல போன். போனைக் காதுல வச்சபடியே மெஷின் மூடியைச் சாத்தி, பட்டனைத் தட்டிட்டு வெளியே போனாங்க. அன்னிக்கு யாரையும் எதுவும் கேக்கலை.

அரைமணி கழிச்சு மெஷின் வெடுக்குனு நின்ன சத்தத்துக்கே ஓடி வந்துட்டாங்க. வளையமே இல்லை. மறுபடி சுத்தி, கிடைச்ச கொஞ்சத்தைச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தோம். உயிரோட இருக்கற அணு இருந்தாத்தான் பரிசோதனை; செத்த அணு நீலமாயிடும். மருந்துத் தண்ணியில கலங்கிக் கிடந்ததுல, பார்த்த இடமெல்லாம் நீலம்.

"யார் பிரேக் போட்டது?"ன்னு மேனேஜர் குதிச்சார். நான் குழாய்ங்களை அடுக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

"நான்தான் சார் பார்க்காம விட்டுட்டேன்"னாங்க அக்கா.

அவர் போனதும் கெஞ்சினேன். "நோய் இல்லைன்னு எழுதிடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தப் பாலை என் தம்பி பொண்ணுங்கதானே குடிக்குது?"

'முடிவு இல்லை'ன்னு எழுதினாங்க. மூணாம் நாள் மாட்டைக் கொன்னாங்க. அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் போன் பண்ணினார். நுரையீரல் சுத்தமா இருந்துச்சாம்.

தம்பி இப்போ அக்காவோட பேசறதில்லை. அக்காவும் பிரேக்கைப் பத்தி வாயே திறக்கறதில்லை. நான்தான் கத்திக்கிட்டிருக்கேன்.

பிரேக் போட்டது நான்தான்னு அவங்களுக்குத் தெரியாதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சேன். போன வாரம், மெஷினை ஓட்டுறவங்க எழுதிக் கையெழுத்துப் போடுற நோட்டைப் புரட்டினேன். அன்னிக்குத் தேதியில என் கையெழுத்து, 'கழுவல், பிரேக் உண்டு'. அதுக்கு நேர் கீழே அக்கா கையெழுத்து.