கழுத்துக்கு உரு இல்லை

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த வருடம், அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவுதான். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. கேட்டால் தொட்டுப் பார்க்க விடுவாள். தோலுக்கடியில் மெல்ல வழுக்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு டாக்டர் டி.பி. கட்டி என்றார். இன்னொருவர், புற்றாகவும் இருக்கலாம், அப்படியென்றால் வேறெங்கோ கிளம்பிக் கழுத்துக்கு வந்திருக்கலாம் என்றார். ஊசி குத்தி எடுத்து அனுப்பினால், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி எடுங்கள் என்று தாள் வந்தது. இரண்டாம் முறையும் அதே தாள். அந்த வாரங்களெல்லாம் தூக்கக் கலக்கத்தில் பார்த்தவை போலத்தான் எனக்கு நினைவிருக்கின்றன. துறைமுகத்தில் கப்பல் ஊதும். அரிசி கழுவிய அம்மாவின் கை பாத்திரத்துக்குள் அப்படியே நின்றுவிடும். குடம் நிரம்பித் தண்ணீர் வாசல்வரை ஓடும்; யாரும் குழாயை மூடமாட்டார்கள்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கன்டெய்னரை லாரிமேல் ஒரு விரல் அகலம்கூடப் பிசகாமல் இறக்குவார் என்று பெயர். நிச்சயமில்லாத எதுவும் அவருக்கு ஆகாது. ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் வாசலுக்குப் போனார். கண்ணில் நோவென்றால் தகட்டில் வெட்டிய கண், காலில் என்றால் கால் வாங்கி, மாதா காலடியில் வைப்பது எங்கள் வழக்கம்.

“எந்த எடம் நைனா?” என்றாள் கடைக்கார அம்மா.

“கழுத்து.”

“கழுத்து யாரும் செய்றதில்லியே. தல கீது, மாரு கீது. எங்கேர்ந்து வந்துச்சாம்?”

“தெர்லமா. டாக்டருக்கே தெர்ல.”

“அப்போ முழு ஆளா எடுத்துக்கோ.”

“வாணாம்,” என்றார் அப்பா சட்டென்று. “அவ்ளோலாம் ஒண்ணியும் ஆவல.”

முழு ஆள் ஒன்று வாங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அப்பா பிடித்தால் பிடித்ததுதான். எங்கே கிளம்பியதென்று தெரியாததால், தட்டிலிருந்த உறுப்புகளில் ஒரு வகையையும் விடாமல் பொறுக்கி எடுத்தார்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா சிரித்துவிட்டாள்.

“இன்னாயா, என்னைப் பார்ட் பார்ட்டா வாங்கினு வந்துகீற?”

எத்தனையோ நாள் கழித்து அவள் சிரித்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் பூசைக்குத்தானே கொண்டுபோகப் போகிறோம் என்று, அவற்றை எடுத்துத் தரையில் அடுக்கினேன். தலை, அதன்மேல் கண், கீழே மார்பு, இரண்டு கை, இரண்டு கால். ஜன்னல் வழியே சாயங்கால வெயில் விழுந்து, தரையில் ஒரு அம்மா மினுமினுவென்று படுத்திருந்தாள். தலைக்கும் மார்புக்கும் நடுவில் மட்டும் சிவப்புத் தரை தெரிந்தது. தலையைக் கீழே தள்ளி ஒட்டவைத்துப் பார்த்தேன்; அம்மா மாதிரி இல்லை. மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினேன்.

அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாமி சாமானில் விளையாட்டா என்று முதுகில் ஒன்று வைப்பார் என நினைத்தேன். அவர் கையை நீட்டி, அந்த இடைவெளியில் தன் சுட்டுவிரலை வைத்தார். கழுத்து சரியாகப் பொருந்தியது. நான் கைதட்டினேன்.

வெயில் போய்விட்டது. அம்மா விளக்கைப் போட்டுவிட்டு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். விளையாட்டு முடிந்த பிறகும் அப்பா ஏன் விரலை எடுக்கவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.